வெண்கலத்துக்கு மூடி போட்ட கதை

என் பேத்திக்கு ஞானஸ்நானம் கொடுக்க நாள் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், எங்கள் கோயில் வானத்தில் டிரில்லிங் மெஷினை வைத்து ஓட்டை போட்டார்கள். வானம் என்றுதான் நாங்கள் சொல்வது. பலகை அடித்த கூரை இல்லை அது. செங்கல்லை வில் மாதிரி வளைத்துக் கட்டி, உள்பக்கம் சுண்ணாம்பு பூசி, நீலம் தீட்டி, நீலத்தின் மேல் தங்க நிறத்தில் நட்சத்திரங்கள் வரைந்து வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு நட்சத்திரத்தின் நட்டநடுவில் குறி பார்த்து ஓட்டை போட்டான் ஒருத்தன். ஏனப்பா என்று கேட்டால், "அங்கதான் சார் பாயிண்ட் வருது" என்கிறான்.

வந்த கோபத்துக்கு அவனை ஏணியோடு சாய்த்திருப்பேன். கையில் பேத்தி இருந்தாள். பச்சைப் பிள்ளையை வைத்துக்கொண்டு யாரையும் அடிக்க முடியாது. அதுவும் என் பேத்தி கொட்டாவி விட்டால் உலகத்துச் சண்டையெல்லாம் எனக்கு மறந்துபோகும். அவ்வளவு சின்ன வாய், அவ்வளவு பெரிய கொட்டாவி!

சரி, என் கோபம் கிடக்கட்டும். அது அடுப்பு நெருப்பு. தண்ணீர் தெளித்தால் அடங்கிவிடும். என் தங்கச்சியின் கோபம் காட்டுத் தீ. அவள் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

அவளுக்கு ஊர் வைத்த பேர் வெண்கலம். வெண்கலத் தொண்டை என்பார்களே, அதில் தொண்டை உதிர்ந்துபோய் வெண்கலம் மட்டும் நின்றுவிட்டது. பிறந்து அவள் போட்ட முதல் சத்தத்துக்கே பக்கத்து வீட்டார் துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள் என்று எங்கள் அம்மா சொல்லிச் சிரிப்பாள். அப்பா கிட்டங்கியில் மூட்டை தூக்கினார். லாரிக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் அந்தத் தெருவில் இருக்கிறவன் திரும்புவான். அவர் சொத்து எனக்கு ஒன்றும் வரவில்லை. குரல் முழுவதும் அவளுக்குப் போயிற்று. பள்ளிக்கூடத்தில் அவள் வாய்ப்பாடு சொன்னால் பக்கத்து வகுப்பும் சேர்ந்து படித்துவிடும்.

அப்பாவுக்கு இடுப்பு விழுந்ததும் எங்கள் படிப்பு நின்றது. நான் வேன் கழுவப் போனேன், பிறகு ஓட்டப் போனேன். அவள் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். வீடோ ஒரே அறை. அதில் அவள் பாடினால் ஓட்டிலிருந்து தூசி விழும். "உன் வாயை எங்கயாவது கொண்டுபோய்க் கட்டிப் போடுடி" என்று அம்மா திட்டுவாள். கடைசியில் கோயில் பாட்டு டீச்சர்தான் அவளைப் பிடித்துக்கொண்டு போனார்.

எங்கள் கோயிலில் தலைவாசலுக்கு நேர் மேலே மரத்தால் ஒரு மாடி உண்டு. பாடுகிறவர்கள் அங்கேதான் நிற்பார்கள். கீழே இருக்கிறவர்களுக்கு ஆள் தெரியாது, பாட்டு மட்டும் கேட்கும். முதல் தடவை அவள் அங்கே நின்று வாயைத் திறந்தவள், பாதியில் நிறுத்திவிட்டு இறங்கி ஓடி வந்தாள்.

"அண்ணே, மேல யாரோ இருக்காங்க. நான் பாடுனா கூடவே பாடுறாங்க."

யாரும் இல்லை. அவள் குரல்தான் அந்த வளைவில் போய் முட்டி, பீடம் வரைக்கும் ஓடி, திரும்பி வந்திருக்கிறது. கட்டியவர்கள் என்ன நினைத்துக் கட்டினார்களோ, மைக் என்ற ஒன்று வருவதற்கு முன்னால் கட்டியது. சுவர் ஒரு ஆள் படுக்கிற அகலம். தூணில் கன்னத்தை வைத்தால் வெயில் காலத்திலும் பானைத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருக்கும். தூண் தலையில் எல்லாம் இலையாகச் செதுக்கிக்கொண்டே போன கொத்தனார், ஒரு தூணில் மட்டும் இலைக்கு நடுவே ஒரு அணிலை ஒளித்து வைத்திருக்கிறார். பூசை நேரத்தில் பிள்ளைகள் அந்த அணிலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். நானும் அப்படித்தான் பக்தியாக வளர்ந்தேன்.

அன்றிலிருந்து அவளுக்கு அந்த இடம்தான். இந்த ஊரிலேயே அவள் குரலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அந்தக் கூரை ஒன்றுதான். மற்ற இடமெல்லாம் அவளுக்கு இறுக்கம். வீட்டில் இறுக்கம், கடையில் இறுக்கம், பஸ்ஸில் அவள் டிக்கெட் கேட்டால் கண்டக்டர் காதைப் பொத்துவார்.

இப்படிப்பட்டவள் யாரைக் கட்டினாள் தெரியுமா? மைக்செட்காரரை! கல்யாணத்தன்று ஊரே சிரித்தது. "மாப்பிள்ளைக்குப் பொழைப்பு போச்சு, இனிமே ஆம்ப்ளிஃபயரை வித்துரலாம்" என்றார்கள். அவர் சாதுவான மனிதர். ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நின்று நின்று ஒரு காது மந்தம். "அந்தக் காதாலதான் மச்சான் குடும்பம் ஓடுது" என்பார் என்னிடம்.

கோயிலுக்கு எதிரே ஒரு அறைதான் அவள் தையல் கடை. ரவிக்கை தைப்பாள், ஜிப் மாற்றுவாள், சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பாள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சேலையின் அடி ஓரத்தில் உள்பக்கமாக ஒரு துணிப்பட்டை வைத்துத் தைப்பார்கள். நடக்கும்போது ஓரம் தரையில் உரசிக் கிழியாமல் அது காக்கும். வெளியே தெரியாது. அதற்குப் பேர்தான் ஃபால்ஸ். இதை மறந்துவிடாதீர்கள், எங்கள் கோயிலுக்கு வந்த கேடே இந்த ஒரு வார்த்தையில்தான் வந்தது.

கல்யாணம், இழவு என்று வேறு ஊர்க் கோயில்களில் பாட இவர்கள் குழுவைக் கூப்பிடுவார்கள். என் வேனில்தான் போவோம். உள்ளே நுழைந்ததும் அவள் சிலுவை போடுவாள், அடுத்து ஒரே ஒரு தடவை கையைத் தட்டுவாள். தட்டிவிட்டுக் காது கொடுப்பாள். "இது நல்ல கோயில், பேசுது" என்பாள். இல்லாவிட்டால் உதட்டைப் பிதுக்குவாள்.

வருடம் போகப் போக உதடு பிதுங்கியதுதான் அதிகம். என்ன செய்து வைத்திருக்கிறார்கள் எங்கள் வட்டாரத்துக் கோயில்களை! ஆற்றோரக் கோயிலில் சுவர் முழுக்க வழுவழு டைல்ஸ். உள்ளே போனால் முழங்கால் போடத் தோன்றாது, சோப்பு எங்கே என்று தேடத் தோன்றும். மேட்டுக் கோயிலில் திராட்சைக் கொடி செதுக்கிய மரப் பீடத்தைக் கழற்றி விற்றுவிட்டுக் கருப்புக் கல்லில் ஒரு பீடம் போட்டார்கள். "ஏன் அண்ணே, கேஸ் அடுப்பு எங்க?" என்று என் காதில் கேட்டாள் இவள். அவள் ஒருத்தர் காதில் ரகசியம் சொன்னாள் என்றால் ஊருக்கே கேட்டது என்று அர்த்தம். கடலோரத்துக் கோயிலின் கல் முகப்புக்கு ரோஸ் பெயிண்ட் அடித்து, பிறந்தநாள் கேக் மாதிரி நிறுத்தியிருக்கிறார்கள். இன்னொன்றை இடித்தே விட்டார்கள். இப்போது அங்கே நிற்பது கோயிலா கார் ஷோரூமா என்று கேட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒரு ஊரில் கல்லில் குடைந்த ஞானஸ்நானத் தொட்டியில் துடைப்பத்தையும் வாளியையும் போட்டுவிட்டு, பீடத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் பேசின் வைத்து ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். பிளாஸ்டிக் பேசின்! வீட்டில் அரிசி கழுவுகிற பேசின்!

எங்கள் கோயில் தப்பித்துக்கொண்டிருந்தது. தப்பித்தது என்றும் சொல்ல முடியாது. கூரைக்குக் கீழே சுவரின் உச்சியில் வட்ட வட்டமாக ஜன்னல்கள் இருந்தன. சூட்டுக் காற்று மேலே ஏறி அந்த வழியாகப் போகும். அதில் புறா வருகிறது என்று ஒரு ஃபாதர் காலத்தில் செங்கல் வைத்து அடைத்தார்கள். புறாவுக்குப் பயந்து ஜன்னலை அடைத்தார்கள். ஜன்னலை அடைத்ததால் புழுக்கம் வந்தது. புழுக்கத்துக்கு ஃபேன் மாட்டினார்கள், ஒவ்வொரு ஃபேன் இறக்கையிலும் கொடுத்தவர் பேர். ஃபேன் சுற்றினால் பேர் தெரியாது, பேர் தெரிந்தால் காற்று வராது! அதற்கும் புழுக்கம் தீராமல் இப்போது ஏசிக்கு வந்து நின்றார்கள்.

கோயில் காரியங்களைப் பார்க்கிற பங்குப் பேரவைக்குத் தலைவர் ஒரு ஏசிக் கடைக்காரர். கெட்டவர் இல்லை. கோயிலுக்குக் கொடுக்கிற கைதான். ஆனால் அவர் ஒரு இடத்துக்குள் நுழைந்தால் மனிதர்களைப் பார்க்க மாட்டார், ஏசி எங்கே மாட்டலாம் என்று சுவரைப் பார்ப்பார். ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் எழுந்து நின்றார்.

"கோயிலைப் புதுப்பிக்கப் போறோம். ஏசி என்னோட காணிக்கை. அதுக்கு முன்னாடி ஃபால்ஸ் சீலிங் போடணும். சம்மதம்னா கை தூக்குங்க."

முதல் கை யாருடையது என்கிறீர்கள்? வெண்கலத்தின் கை. மாடியிலிருந்து அவள் "சம்மதம்!" என்று போட்ட போட்டில் கீழே தூங்கிக்கொண்டிருந்தவர்களும் கை தூக்கிவிட்டார்கள்.

நான் அன்றைக்கு வெளியூர் சவாரியில் இருந்தேன். சாயங்காலம் பேத்தியைப் பார்க்க வீட்டுக்கு வந்தவள், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சந்தோஷமாகச் சொன்னாள்.

"கோயிலுக்கு ஃபால்ஸ் அடிக்கப் போறாங்க அண்ணே."

"கோயிலுக்கா?"

"ஆமா. கூரையும் சுவரும் சேர்ற ஓரத்துல காரை உதிருதுல்ல? அந்த ஓரத்துக்குப் பட்டையா துணி கட்டுவாங்க போல. எங்கிட்ட நீலத் துணி ஒரு கட்டு இருக்கு. நான் தர்றேன், தையக்கூலியும் வேணாம்னு தலைவர்கிட்ட சொல்லிட்டேன்."

"அவர் என்ன சொன்னாரு?"

"தாராளமா தாங்கன்னு சிரிச்சாரு. நல்ல மனுஷன்."

எனக்கு மட்டும் என்ன தெரியும்? நான் வேன் ஓட்டுகிறவன். நல்ல காரியம் என்றேன். "அத்தைப்பாட்டி கோயிலுக்கே சட்டை தைக்கிறாங்கடி தங்கம்" என்று பேத்தியிடம் சொன்னேன். "பாட்டியை வெட்டு, அத்தைன்னு மட்டும் சொல்லிக் குடு" என்றாள் அவள்.

மறுநாள் இஞ்ச் டேப்பும் நீலத் துணிக் கட்டுமாகக் கோயிலுக்குள் போனவள் என்ன பார்த்திருக்கிறாள்? பீடத்துக்கு முன்னால் சாரம். தரையெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பலகை அடுக்கு. மேலே டிரில்லிங் மெஷின் கூச்சல். நீலத் தூள் கொட்டிக்கொண்டிருக்கிறது.

"இது என்னப்பா?"

"ஜிப்சம் ஷீட்டும்மா. ஃபால்ஸ் சீலிங்குக்கு."

"ஃபால்ஸ் எங்க?"

"இதான் ஃபால்ஸ்."

"ஓரத்துக்கா?"

"ஓரத்துக்கு என்னம்மா, முழுசுக்கும்தான். தூணோட தலைக்குக் கீழ ஒரே மட்டமா அடிச்சு மூடிருவோம். மேல இருக்கிற அழுக்கு ஒண்ணும் தெரியாது."

"எதுடா அழுக்கு? நட்சத்திரமா அழுக்கு?"

அந்தச் சத்தத்துக்கு சாரத்தில் இருந்தவன் மெஷினை நிறுத்திவிட்டான். அப்போதுதான் தலைவர் உள்ளே வந்தார்.

"என்ன வெண்கலம், இங்க வந்து சத்தம்? நீதானே முதல் ஆளா சம்மதம்னு கத்துன?"

"நான் சேலை ஃபால்ஸ்னு நெனச்சேங்க!"

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். சாரத்தில் இருந்தவனும் சிரித்தானாம். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாட்டு மாடியும் மட்டத்துக்கு மேல போயிரும், அதையும் அடைச்சிருவோம். இனிமே நீங்க கீழ பீடத்துக்குப் பக்கத்துல சேர் போட்டு ஏசி காத்துல உக்காந்து பாடலாம். ஆளுக்கு ஒரு மைக். ஸ்பீக்கர் வேலை உன் வீட்டுக்காரருக்குத்தான், சந்தோஷமா?" என்றிருக்கிறார்.

நேராக என் வீட்டுக்கு வந்தாள். துணிக்கட்டு அக்குளில் அப்படியே இருக்கிறது. தொட்டிலில் பேத்தி தூங்குகிறாள் என்று குரலைத் தணித்தாள் என்று நினைத்தேன். அப்படி இல்லை. குரலே வரவில்லை.

"என் வாயாலயே மூடிக்கிட்டேன் அண்ணே."

அவள் மெல்லப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

காரை விழுவது நிஜம், அதை நான் மறைக்கவில்லை. போன மழையில் பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு கட்டி விழுந்தது. வயதானவர்கள் புழுக்கத்தில் மயங்கியதும் உண்டு. காரை விழுந்தால் காரை பூச வேண்டும். புழுக்கமாக இருந்தால் அடைத்த ஜன்னலைத் திறக்க வேண்டும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவார்களா? அதுவும் ஷீட் போட்டு மூடினால் மேலே ஒழுகுவது நின்றுவிடுமா? ஒழுகிக்கொண்டேதான் இருக்கும், நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஒருநாள் எல்லாம் சேர்ந்து தலையில் இறங்கும்போது தெரியும்.

வீட்டில் மைக்செட்காரர் பயந்துகொண்டே கேட்டாராம். "அப்ப அந்த ஸ்பீக்கர் வேலை..."

"உங்க ஸ்பீக்கர் கல்யாண வீட்டுக்கு. எடுத்தீங்க, மந்தக் காது ரெண்டாயிரும்."

"எது, எனக்குக் கேக்கலை" என்று சொல்லிவிட்டு அந்த வேலையை அத்தோடு விட்டுவிட்டார். நான் சொன்னேனே, சாதுவான மனிதர்.

அவள் கடைக்கு வருகிற பெண்களிடம் கேட்டுப் பார்த்தாள். நீங்கள் எல்லாரும் எதற்குக் கை தூக்கினீர்கள்? பாதிப் பேர் அவள் கை தூக்கியதைப் பார்த்துத் தூக்கியவர்கள். ஃபால்ஸ் என்றால் மேலே ஜரிகை வைப்பார்கள் என்று ஒருத்தி. சீரியல் லைட் என்று ஒருத்தி. மீன் விற்கிற அக்கா சொன்னதுதான் உச்சம்.

"சீலிங்னா சீல் வைக்கிறதுதானே? கோயில் பூட்டுக்கு சீல் வச்சா திருட்டுப் போகாதுன்னு தூக்குனேன்."

"அதைக் கேட்டுச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீ போட்ட சத்தத்துல யாருடி கேப்பா?"

வெண்கலம் கத்தரிக்கோலை வைத்துவிட்டு எதிரே ஃபாதர் வீட்டுக்குப் போனாள். என்னையும் துணைக்குக் கூப்பிட்டாள். நான் வாசலில் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன்.

"ஃபாதர், கையை எறக்கணும்."

"எந்தக் கையம்மா?"

"அன்னைக்குத் தூக்குன கை."

ஃபாதர் நல்ல பிள்ளை. எங்கள் பங்குக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. யாரையும் பகைத்துக்கொள்ளப் பிடிக்காது. சிரித்துக்கொண்டே சொன்னார்: "கல்யாணத்துல சம்மதம்னு சொல்லிட்டு, மறுநாள் இல்லைன்னு சொல்ல முடியுமாம்மா?"

"மாப்பிள்ளைன்னு வேற ஆளைக் காட்டி வாங்குன சம்மதம் செல்லாதுன்னு நீங்கதானே பிரசங்கத்துல சொன்னீங்க? எனக்குத் துணியைக் காட்டிட்டுப் பலகையைக் கட்டி வைக்கிறீங்களே!"

ஃபாதர் என்னைப் பார்த்தார். நான் பேத்தியைப் பார்த்தேன். பேத்தி ஏப்பம் விட்டாள். "சரி, வர்ற ஞாயித்துக்கிழமை மறுபடியும் கேட்டுருவோம்" என்றார்.

அதற்குள் ஷீட்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் பீடத்துக்கு மேலே முழுவதும் மூடிவிட்டார்கள். அந்தப் பக்கம் மட்டும் வெள்ளை வெளேரென்று ஆஸ்பத்திரி மாதிரி. இந்தப் பக்கம் நீல வானம். பாதி தலைக்கு மொட்டை அடித்தது போல நின்றது கோயில்.

பூசை முடிந்தது. யாரும் வீட்டுக்குப் போகவில்லை. தலைவர் பீடத்துக்கு முன்னால் வந்து நின்றார்.

"புதுப்பிக்கிறதுன்னா என்ன? பழசு போகணும், புதுசு வரணும். பழசையே வச்சுக்கிட்டு எப்படிங்க புதுப்பிக்கிறது? எல்லா ஊர்லயும் பண்ணிட்டாங்க. நாமதான் இன்னும் பழைய பஞ்சாங்கமா இருக்கோம்."

வெண்கலம் அன்று மாடிக்கு ஏறவில்லை. நடு வழியில், நீலத்துக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள்.

"தலைவரே, ஒரு சந்தேகம். போன மாசம் இதே பீடத்துக்கு முன்னால உங்க இருபத்தஞ்சாம் வருசக் கல்யாணத்தைப் புதுப்பிச்சீங்க. மாலை மாத்துனீங்க, மோதிரம் மந்திரிச்சாங்க. நான்தான் மேல நின்னு பாடுனேன். புதுப்பிச்சீங்களே, பொண்டாட்டியையா மாத்துனீங்க?"

கோயில் என்பதையும் மறந்து ஜனம் சிரித்தது. மைக்செட்காரருக்குக் காது கேட்காமல் பக்கத்து ஆளிடம் விசாரித்து, எல்லாரும் முடித்த பிறகு தனியாகச் சிரித்தார். அதற்கு இன்னொரு சிரிப்பு.

தலைவரின் மனைவி முதல் பெஞ்சில் இருந்தார். தினம் பூசைக்கு வருவார், நாங்கள் யாரும் அவர் குரலைக் கேட்டதில்லை. முதலில் தோள் மட்டும் குலுங்கியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார்.

"மாத்தலைம்மா. மூடி வச்சிருக்காரு."

இந்தத் தடவை பாதிப் பேர்தான் சிரித்தார்கள். மீதிப் பேர் திரும்பித் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் முகம் போன போக்கைச் சொல்ல மாட்டேன், அவரும் ஒரு மனிதர்தானே.

"நீ உக்காரு" என்றார்.

"உக்காந்தே இருந்தேன், இருபத்தஞ்சு வருசமா" என்றார் அந்த அம்மா. "அன்னைக்கு அந்தப் பாட்டு மேல இருந்து எறங்குனப்ப எனக்குக் கண்ணு கலங்குச்சுங்க. நீங்க அண்ணாந்து ஏசி எங்க மாட்டலாம்னு பாத்துக்கிட்டிருந்தீங்க. எனக்குப் புழுக்கம் பழகிருச்சு. வேணும்னா ஜன்னலைத் திறங்க. இதை மூட வேண்டாம்."

சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினார். மூட வேண்டாம் என்கிற முதல் கை அதுதான். பிறகு மீன்கார அக்கா. பிறகு ஒவ்வொன்றாக. தூக்காதவர்களும் இருந்தார்கள். மூச்சுத் திணறல், நெஞ்சு படபடப்பு என்று அவரவர் கஷ்டம் அவரவருக்கு. ஆனால் தூக்கிய கைதான் அதிகம் என்று ஃபாதருக்கே தெரிந்தது.

"அப்ப ஏசியும் கிடையாது" என்றார் தலைவர். "போட்டது போட்டபடி கிடக்கட்டும். எறக்கணும்னா எவன் சம்மதிக்கலையோ அவனே எறக்கிக்கட்டும்."

வழவழ கொழகொழ என்று ஃபாதர் ஒரு முடிவு சொன்னார். இனிமேல் ஒரு ஷீட்டும் ஏறாது, ஏறியது இப்போதைக்கு இருக்கட்டும். இப்போதைக்கு! இந்த நாட்டில் இப்போதைக்கு என்று வைத்தது எதுவும் எடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

"பாதி மூக்கை அறுத்துட்டு, மீதி மூக்கு தப்பிச்சுதேன்னு சந்தோஷப்படச் சொல்றாங்க" என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள் வெண்கலம். குரல் திரும்பி வந்துவிட்டது என்று எனக்கு மட்டும் உள்ளுக்குள் நிம்மதி.

அந்த நிலையில்தான் என் பேத்தியின் ஞானஸ்நானம் வந்தது.

எங்கள் தொட்டி பழைய முறைப்படி தலைவாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வட்டமான சின்ன அறை, இரும்புக் கம்பிக் கதவு, ஒரு படி கீழே இறங்க வேண்டும். கோயிலுக்குள் முதல் அடி வைக்கும்போதே கழுவி, கூட்டிப் போக வேண்டும் என்பதற்காக அப்படிக் கட்டினார்களாம். ஃபாதர் தண்ணீர் ஊற்றினார். பேத்தி அழவில்லை. எங்கள் குடும்பத்தில் அழாத முதல் ஆள். கண்ணை அகல விழித்துக்கொண்டு மேலேயே பார்த்தாள். மேலே அவள் அத்தைப்பாட்டி பாட ஆரம்பித்திருந்தாள். அந்தச் சத்தம் எங்கள் தலைக்கு மேலே போய், வளைவைத் தொட்டு, எல்லாப் பக்கமும் இறங்கியது. என் பெண்டாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகு கோயிலில் அவள் என் கையைப் பிடித்தது அன்றுதான்.

அடுத்து, குழந்தையைப் பீடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மெழுகுவர்த்தியோடு மகன் முன்னால், குழந்தையோடு மருமகள், அதற்குப் பின்னால் நாங்கள். பாட்டு எங்களோடு கூடவே வந்தது. பீடத்துக்கு நாலைந்து பெஞ்சு இருக்கும்போது ஷீட்டுக்குக் கீழே போனோம். அவ்வளவுதான். பாடுகிறவள் வாயில் யாரோ துணியை வைத்து அடைத்த மாதிரி ஆயிற்று. தூரத்தில், வேறு தெருவில் யாரோ பாடுவது போல முணுமுணு என்று கேட்டது. பேத்தி முகத்தைச் சுளித்தாள், உதட்டைக் கோணினாள், வீறிட்டாள். தொட்டியில் அழாதவள் அங்கே அழுதாள்.

ஃபாதர் நின்றுவிட்டார். இத்தனை நாளும் பூசை முழுவதும் பீடத்திலேயே நிற்கிறவர் அவர். ஷீட் போட்ட பிறகு பாட்டு இப்படித்தான் போலிருக்கிறது என்று இருந்திருக்கிறார். வாசலிலிருந்து பாட்டோடு நடந்து வந்தது அன்றுதான்.

"என்னாச்சு, பாட்டை நிறுத்திட்டாங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

"பாடிக்கிட்டுத்தான் இருக்கா ஃபாதர். உங்களுக்குத்தான் மூடி போட்டிருக்கு."

அவர் ரெண்டு அடி பின்னால் வந்தார். கேட்டார். ரெண்டு அடி முன்னால் போனார். பிறகு தலையை அண்ணாந்து அந்த வெள்ளையைப் பார்த்தார். மீதி ஜெபத்தை அவசரமாகச் சொல்லி முடித்தார். பூசை உடுப்பைக் கழற்றும் முன்பே ஷீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டார். அன்றைக்குத்தான் எங்கள் ஃபாதர் ஒருவரைப் பகைத்துக்கொள்வதைப் பார்த்தேன். "இப்போதைக்கு இல்லைங்க, இப்பவே" என்று கத்தினார்.

ஷீட்டை இறக்கிவிட்டார்கள். ஓட்டைகள் இருக்கின்றன. எண்ணிப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. சுண்ணாம்பு வேலை தெரிந்தவரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அடைத்த ஜன்னல்களைத் திறக்கலாமா என்று பேரவையில் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். பேசட்டும். தலைவர் இப்போது எட்டு மணிப் பூசைக்கு வருவதில்லை, ஆற்றோரக் கோயிலுக்குப் போகிறார். அவருக்கு அந்த டைல்ஸ்தான் பிடிக்கும்.

அவர் மனைவி மட்டும் இங்கேயே வருகிறார். போன சனிக்கிழமை பாட்டுப் பழகும் நேரத்தில், நான் பேத்தியோடு கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா மரப்படியில் ஒவ்வொரு படியாக ஏறிப் போவது தெரிந்தது. மேலே பேசுவது கீழே கேட்டது.

"எனக்கும் ஒரு இடம் இருக்குமாம்மா?"

"வாங்கக்கா. கொரலு எப்படி?"

"தெரியாது. இதுவரைக்கும் எடுத்துப் பாத்ததில்லை."

"பாத்துருவோம். எங்க, ஒரு சத்தம் குடுங்க."

தொண்டையைச் செருமுவது கேட்டது. அப்புறம் ஒரு சத்தம் வந்தது. பாட்டு என்று சொல்ல மாட்டேன். பேத்தி திடுக்கிட்டு விழித்துக்கொண்டாள். மைக்செட்காரர் தெருவிலிருந்து உள்ளே ஓடி வந்து, "மச்சான், யாருக்கு என்ன ஆச்சு?" என்றார்.